விலைப்புள்ளி

லூஜூவில் எங்கள் கூரையை உரசுவதுபோல்
விமானங்கள் இறங்கும்.
ஒவ்வொன்றுக்கும் சில நொடி
துளைக்கும் இயந்திரங்களின் கீச்சொலி கேட்காமல் போகும்.
அந்த நொடிகளில்தான் நான் விலை போடுகிறேன்.

பதினோரு வருடமாக அதுதான் வேலை.
சதுர மீட்டருக்கு இவ்வளவு, அடுக்குக்கு இவ்வளவு,
ஆயிரம் துளைக்கு இவ்வளவு.
இவ்வருடம் செம்புத் தகடு விற்பவர்
பட்டியலின் அடியில் எழுதுகிறார்:
ஏழு நாள் செல்லும்.
பிறகு, மூன்று நாள்.
போன செவ்வாய்: இன்று மாலை ஐந்து வரை.
கண்ணாடித் துணிக்கு விலையே இல்லை.
செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு
முப்பது அடுக்குப் பலகை செய்கிறவர்கள்
நெய்ததையும் நெய்யப்போவதையும்
சேர்த்தே வாங்கிவிட்டார்கள்.
நாங்கள் ஆறு அடுக்கு ஆட்கள்.
இலை போட்டாயிற்று, சோறு வரவில்லை.

டெக்சாஸ்காரர் எழுதியிருந்தார்:
சீனாவில் செய்யக் கூடாது.
தைவானும் வேண்டாம். ஆனால்
தைவான் தரம் வேண்டும்,
சீன விலை வேண்டும்.
ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும்,
பூசாத மாதிரியும் இருக்க வேண்டும்.
(உண்மையில் ஈயமே கூடாது என்று
மூன்றாம் இணைப்பில் போட்டிருந்தார்.)

முதலாளி லாய் போ-ஜுங்
தாய்லாந்துக்குப் போய் நிலம் பார்த்துவிட்டு வந்தார்.
ஷூவில் பிராச்சின்புரி மண்.
ஒரு வாரம் அதைத் துடைக்கவில்லை.
வங்கி என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.
சந்திர மாதம் பதினாறாம் நாள்
வாசலில் மேசை போட்டுப் பழம் படைத்தபோது
ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு
வழக்கத்தைவிட வெகுநேரம் நின்றார்.
உள்ளே இரவு ஷிப்ட் கியூ, வியட்நாம் பெண்,
இயந்திரங்களின் தலையில் இருந்த
பச்சைத் தின்பண்டப் பொட்டலங்களை மாற்றினாள்,
அவை சொன்னபடி கேட்பதற்காக.
காலாவதியானதை வைத்தால் முறைத்துக்கொள்ளுமாம்.
நான்காம் எண்ணுக்கு மட்டும் இரண்டு.

அந்த வாரம்தான் வந்தது,
எட்டே எட்டுப் பலகைக்கு ஒரு விசாரணை.
ஹுவாலியனுக்கு அப்பால் கடலடியில்
நிலம் நடுங்குவதைக் கேட்கும் கருவிக்காம்.
ஷென் யா-லிங் என்று கையெழுத்து.
பெரிய ஆலைகள் பதில்கூடப் போடவில்லை என்று
பின்குறிப்பு.

வரைபடத்தைத் திறந்தேன்.
மூன்றாம் அடுக்கில் ஒரு தடம்
துளையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும்.
ஒரு வருடம் தாங்கும்.
பிறகு கடலுக்கடியில் போய் யார் பற்றவைப்பது?
வழக்கம்போல் எழுதினேன்: கேள்வி ஒன்று, கேள்வி இரண்டு.
பதினான்கு வந்தது.
இத்தனை வருடமும் எல்லாருக்கும்
இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்,
காய்கறியோடு கொசுறாகப் போடும்
கறிவேப்பிலை மாதிரி.

லாய் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.
“இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்?”
“ஒன்றரை நாள்.”
“பலகை செய்ய?”
“மூன்று.”
விமானம் ஒன்று இறங்கியது.
“இதையும் ஒரு வரியாகப் போடு.”

படிவத்தில் அதற்கு இடமில்லை.
செம்பு, துணி, பிசின், துளை, முலாம், சோதனை, பெட்டி.
ஒரு வரியைச் செருகினேன்.
பெயர்: கேள்விகள்.
அலகு: சதுர மீட்டர் என்று தானாக வந்து நின்றது.
அழித்தேன்.
ஓர் எண் போட்டேன்.
கூச்சமாக இருந்தது, ஒரு பூஜ்யத்தை எடுத்தேன்.
லாய் கையை நீட்டி அதைத் திரும்பப் போட்டார்.

டெக்சாஸ்காரருக்கு அன்றிரவே
முடியாது என்று எழுதினோம், மரியாதையாக.
எங்கள் வியாபாரத்தில் அவர் மூன்றில் ஒரு பங்கு.
அடுத்த மாதம் இரவு ஷிப்ட் இருக்குமா என்றாள் கியூ.
தெரியாது என்றேன். தெரியாதுதான்.

திங்கள் காலை ஷென் யா-லிங்கின் பதில்:
விலை சரி.
ஒன்பதாம் கேள்வி புரியவில்லை, விளக்க முடியுமா?

விளக்க உட்கார்ந்தேன்,
கடிகாரத்தைப் பார்த்து
நேரம் குறித்துக்கொண்டு.