ஊசிக்காது

இரவு ஒன்பதே காலுக்கு எதெல்மிரா கூப்பிட்டாள்.
குரல் துண்டு துண்டாக வந்தது.
பெலார்மினோ... ஆழத்திலிருந்து... வேகமா...
மிச்சத்தை நானே கோத்துக்கொண்டேன்:
சிப்பி எடுக்க முங்கியவன்
அவசரப்பட்டு மேலேறிவிட்டான்.
நெஞ்சில் வலி. உதட்டில் நீலம்.

கெல்மாய் தீவுக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ்.
ஒரு கட்டில், ஒரு ஸ்கேன் கருவி.
டாக்டர் கடலுக்கு அப்பால், புவெர்த்தோ மான்ட்டில்.
அவர் கேட்பது வீடியோ. முந்நூறு மெகாபைட்.
திரையில் பட்டை பதினொன்றில் நிற்கிறது.
மீதி நேரம் நான்கு மணி என்கிறது,
பிறகு ஆறு,
பிறகு நான்கு.

கோபுரம் என் பொறுப்பு. ஏறினேன்.
காற்று தட்டை ஒரு விரற்கடை திருப்பியிருந்தது; நிமிர்த்தினேன்.
மழை அலையைத் தின்னும், அதற்கு நான் பொறுப்பில்லை.
எவாரிஸ்தோவின் யூகலிப்டஸ்
இந்த வருஷம் குறுக்கே வளர்ந்துவிட்டது,
ஈர இலை ஒவ்வொன்றும் கொஞ்சம் குடிக்கிறது.
இருட்டில் மரம் வெட்ட முடியாது.

வேகம் என்று விற்கிறார்கள்.
வேகமில்லை அது, அகலம்.
ஒரு பிட் ஓடும் ஓட்டம் எல்லார் வீட்டுக்கும் ஒன்றுதான்;
எத்தனை பிட் தோளோடு தோள் போகலாம் என்பதற்குத்தான் காசு.
ரசீதில் எண்பது என்று இருக்கும். அது இறங்கி வர.
ஏற்றி அனுப்ப இரண்டு.
அதையும் எட்டால் வகுத்தால்தான் பைட்.
தீவுக்காரன் பார்க்கட்டும், கேட்கட்டும்,
அவன் சொல்ல என்ன இருக்கிறது என்று
சாந்தியாகோவில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
கேட்க யானைக்காது.
சொல்ல ஊசிக்காது.

அன்றைக்கு அரையிறுதி ஆட்டம்.
வீடு வீடாக ஓடி டிவியை அணைக்கச் சொன்னேன்.
எர்னால்தோவின் பையன்கள் என்னைத் திட்டியது
இங்கே எழுதத் தக்கதல்ல.
ஆனாலும் அணைத்தார்கள்.
பட்டை: பதின்மூன்று.

மழையில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.
ஆட்டம் இறங்கி வருவது. நுரையீரல் ஏறிப் போவது.
எதிர்ப்பக்கத்துச் சாலையையல்லவா காலி செய்திருக்கிறேன்!

அப்படியானால் இந்நேரத்தில் ஏறுவது எது?
பட்டியலைத் திறந்தேன். தொண்ணூற்று நான்கு போன்கள்,
ஒவ்வொன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறது,
சார்ஜில் கிடந்தபடி, யாரும் தொடாமல்.
நேற்று ரொசாவுராவின் கல்யாணம்.
ஒரே கேக் நாற்பது முறை மேகத்துக்குப் போகிறது.
ஒரே முத்தம் எழுபது முறை.
டையை நெற்றியில் கட்டிக்கொண்டு
அக்கார்டியனுக்கு முன்னால் பெலார்மினோ,
இந்தப் போனிலும் அந்தப் போனிலும்.
அவனே ஆடிக்கொண்டு
அவன் மூச்சுக்குக் குறுக்கே நிற்கிறான்.

இங்கிருந்து பார்க்கத்தான் முடியும், தடுக்க முடியாது;
அந்தக் கடவுச்சொல் சாந்தியாகோவில் தூங்குகிறது.
மறுபடி கதவுகள். அறுபத்தொரு வீடு.
மேட்டுத் தெருவை நான் எடுத்தேன்.
கீழ்த் தெருவில் ரொசாவுரா,
நேற்றைய மருதாணிச் சிவப்புப் பூச்சு நகங்களோடு,
மாப்பிள்ளையின் மழைக்கோட்டில்,
"என் கல்யாணத்தை நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

பத்தொன்பது.
முப்பத்திரண்டு.
யாரோ ஒருவர் மறந்திருக்கிறார், நாற்பதில் நின்றது.
பாதிரியார்தான். அவரும் அணைத்தார்.
பிறகு நூல் இழுபட்டதுபோல் போனது:
அறுபது, எண்பத்தைந்து, நூறு.

பதில் இறங்கி வர இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.
ஒற்றை வரி:
ஆக்சிஜனை நிறுத்தாதே, படகு கிளம்பிவிட்டது.

விடியும்போது அவனை ஏற்றினார்கள்.
உதடு கொஞ்சம் வெளுத்திருந்தது, அது நல்லது என்றாள் எதெல்மிரா.
படகு முனையைத் தாண்டியதும் போன்கள் உயிர்பெற்றன,
கேக் விட்ட இடத்திலிருந்து ஏறத் தொடங்கியது.

மரத்தைப் பற்றி எவாரிஸ்தோவிடம் கேட்டேன்.
இரண்டு கிளை மட்டும் போதும் என்றேன்.
யோசிக்கிறேன் என்றார்.
இன்றும் யோசிக்கிறார்.