குறைந்து செல் மீதி

நிலாவெளி பஸ்ஸில் வலப்பக்கம் இருந்தால் கடல் தெரியும்.
காலை வெயிலும் அந்தப் பக்கம்தான்.
அமையச் செலவு என்றால் என்னவென்று
விரிவுரைக்கு முன்பே பஸ் நடத்திவிடும்.
நான் கடலுக்காகக் கறுத்தேன்.

முதலாம் வருடம் முழுக்கக் கோடுகள்.
கேள்வி சரிந்தது, நிரம்பல் ஏறியது,
வெட்டிக்கொண்ட இடம் சமநிலை.
கன்ரீனில் ரிஸ்மியா கேட்டாள்:
"கேள்வி இருக்கு, நிரம்பலும் இருக்கு,
காசுதான் இல்ல. இதுக்கு எந்தப் புள்ளி?"
ஒரு ரோல்ஸை இரண்டாய்ப் பிய்த்தோம்.
மிளகாய் கூடின பாதி எனக்கு வந்தது.

பணவீக்கம் பற்றிய விரிவுரையை
எண்ணெய்க்கு நின்ற அண்ணாவின் ஆட்டோவில்
பின்சீட்டில் இருந்து போனில் கேட்டேன்.
முன்னால் இருநூற்றுப் பதினாறு வண்டிகள்.
"யாராவது ஒரு உதாரணம்?" என்றார் சேர்.
நான் மைக்கைத் திறந்தேன்.
வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவன்
கோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை.
"போதும் பிள்ளை, விளங்குது" என்றார் சேர்.

மூன்றாம் வருடத்தில் நிதிக் கணிதம்.
அண்ணாவின் லீசிங் தாளை எடுத்தேன்,
பயிற்சிக்குத்தான்.
மூன்று இலட்சம். முப்பத்தாறு மாதம்.
பதினெட்டு வீதம் என்று நீல எழுத்தில்.
கட்டி முடித்த முதலுக்கும் கடைசி மாதம்வரை வட்டி ஓடியது,
இறங்கிப் போன ஆளுக்கும்
மீற்றர் ஓடுகிற மாதிரி.
குறைந்து செல் மீதியில் போட்டுப் பார்த்தேன்.
முப்பதைத் தாண்டியது.
அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.
மின்விசிறி தாளைப் புரட்டியது, நான் திருப்பிப் பிடித்தேன்.
அதே முப்பது.

அண்ணா ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தான்.
"தெரியும்" என்றான்.
"வங்கி சம்பளத் துண்டு கேட்டது.
இவங்கள் ஐடி கொப்பியோட விட்டாங்கள்."
வாளியைக் கவிழ்த்துவிட்டு,
"உன்ட கணக்கு சரியா வந்ததா?"
சரியாகத்தான் வந்தது.
அந்தப் பாடத்துக்கு ஏ.

ரிஸ்மியா கொழும்புக்கு, வங்கிப் பயிற்சிக்குப் போனாள்.
நான் இருபத்துமூன்று விண்ணப்பம் போட்டேன்.
பணக் கொள்கை, இறைக் கொள்கை,
மத்திய வங்கியின் கருவிகள் எல்லாம்
பஸ்ஸிலேயே பாடமாக்கிக்கொண்டு
உட்துறைமுக வீதிக்கு நேர்முகத்துக்குப் போனால்
ருக்‌ஷான் என்கிற முகாமையாளர்
கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் தமிழில் ஒன்றே ஒன்று கேட்டார்:
"அழுற ஆளிட்ட காசு கேக்க ஏலுமா?"
"ஏலும்" என்றேன்.
குரல் நடுங்கவில்லை.
வீதிக்கு வந்தபிறகு
அதுதான் என்னை நடுக்கியது.

பஸ் நிலையத்தில் ஒரு மான்
யாரோ போட்ட விளம்பரத் தாளை மென்றுகொண்டு நின்றது.
எங்கள் கம்பனியின் தாள்.
பதினெட்டு ஏற்கெனவே வாய்க்குள் போய்விட்டது,
வீதம் மட்டும் வெளியே தொங்கியது.

இப்போது இரண்டாவது மேசை என்னுடையது.
மட்டிக்களியிலிருந்து ஒருவர் வந்தார்,
மீன்பெட்டி கட்ட மோட்டார் சைக்கிள் வேண்டுமாம்.
முகாமையாளர் தேத்தண்ணிக்குப் போன நேரம்
கல்குலேற்றரை அவர் பக்கம் திருப்பி
உண்மையான வட்டியைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தார், நெடுநேரம்.
"சரி தங்கச்சி, மாசம் எவ்வளவு வரும்?"
சொன்னேன்.
கையெழுத்து வைத்தார்.
அவர் விரலில் ஒட்டியிருந்த செதில் ஒன்று
தாளில் விழுந்தது. நான் தட்டிவிட்டேன்.
சுவரில் தொங்கும் இலக்குப் பலகையில்
என் பெயருக்கு நேரே ஒன்று கூடியது.

முதல் சம்பளத்தில்
அண்ணாவின் முப்பத்திரண்டாம் தவணையைக் கட்டினேன்,
மதியம், கௌண்டரில் ஆளில்லாத நேரம்,
நானே எழுந்து போய், நானே திரும்பி வந்து இருந்து.
செலுத்தியவர்: ப. விதுசன்.
பெற்றுக்கொண்டவர்: அங்கே என் கையெழுத்து,
இன்னும் பழகாதது,
கோட்டை விட்டு மேலே ஏறிப் போகிறது.