கடைக் கோட்டு

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ.
ஆணியில் ஒரு நீலக் கோட்டு தொங்கும்.
கீழ்ப் பொத்தான் இரண்டும் இல்லை.
கைலியோடு வந்தாலும் பரவாயில்லை,
மார்புக்கு மேலேதான்
வெளிநாடு பார்க்கும்.

அடைக்கலம் வந்தது ஆடிக் கடைசியில்.
புதுவயல் மில்லில் மூட்டை தூக்கினவன்.
கோட்டைப் போட்டதும்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.
"பல் தெரியக் கூடாது" என்றேன்.
"பல்லைக் காட்டுற மாதிரி
எதுவும் நடக்கலையே அக்கா."
எட்டு காப்பி, எண்பது ரூபாய்.

கோட்டையூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு
ஒரு டெஸ்ட் சென்டர்.
காலையில் சுவர் கட்டுவார்கள்,
சாயங்காலம் இடிப்பார்கள்.
அதே செங்கல்லைச் சுரண்டிக் கழுவி
மறுநாள் அடுத்தவன் கட்டுவான்.
அவன் அம்மா செயினை வைத்துப் பணம் கட்டினாள்,
அவன் சுவர் கட்டினான்.
நூல் பிடித்து, மட்டம் பார்த்து,
எந்த வீட்டுக்கும் சேராத சுவர்.
எண்பது கதவு வைத்த வீடுகள்
பூட்டிக் கிடக்கிற ஊரில்
தினம் தவறாமல் எழும்புவது அதுதான்.

"அனுபவம் எத்தனை வருஷம்னு போட?"
மூன்று என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான்.
இருபத்தாறு நாளை
மூன்று வருடமாக அடிக்க
எனக்கு அரை நிமிஷம்.
பாவ புண்ணியத்தை விடுங்கள்,
எழுத்துப் பிழை இருந்தால்தான் திருப்பி அனுப்புவார்கள்.
பதினோரு ஜெராக்ஸ், இரண்டு நோட்டரி, ரத்தம், எக்ஸ்ரே,
நெஞ்சுக்குள் ஒன்றும் இல்லை என்று
ஒரு டாக்டர் கையெழுத்து.
திருச்சியில் ஏறினால்
நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர்.

தில் பகதூர் இதில் ஒரு தாளும் இல்லாமல் வந்தவன்.
பாஸ்போர்ட் கிடையாது, விசா கேட்பாரில்லை.
மலையிறங்க ஒரு நாள் பஸ்,
கோரக்பூர் பிளாட்பாரத்தில் ஒரு ராத்திரி,
அப்புறம் இரண்டரை நாள் ரயில்.
கானாடுகாத்தானில் பழைய வீடொன்றை
ஓட்டலாக்கியிருக்கிறார்களே,
அங்கே அடுப்படி.
தலைமுறை தலைமுறையாக வந்த ருசி என்று
மெனு கார்டில் போட்டிருக்கிறது.
"மொத மாசம் பூரா
தும்மிக்கிட்டேதான் மிளகு வறுத்தேன் அக்கா."

பக்கத்து நாடு எதுவென்று
பள்ளிக்கூடப் பிள்ளை மேப்பைப் பார்த்துச் சொல்லும்.
நான் டிக்கெட்டைப் பார்த்துச் சொல்கிறவள்.

போன வியாழக்கிழமை
அடைக்கலம் அனுப்பிய பணத்தை
அவன் அம்மாவிடம் எண்ணிக் கொடுத்தேன்.
ரேகை வைத்துவிட்டு
வெயிலோடு வெயிலாக அடகுக் கடைக்கு நடந்தாள்.
அவள் எழுந்த ஸ்டூலில்
தில் பகதூர் உட்கார்ந்தான்.
நேபாளத்துக்கு ஒன்பதாயிரம்.
வருவதிலும் கமிஷன், போவதிலும் கமிஷன்.
சும்மா சொல்லக் கூடாது,
எங்கும் போகாமல்
நான் நல்லாத்தான் இருக்கிறேன்.

கிளம்பும்போது கோட்டைத் தொட்டுப் பார்த்தான்.
"அந்த அண்ணனுக்கு அங்க எவ்வளவு?"
சொன்னேன்.
விரலை மடக்கி மடக்கி
அவன் பாஷையில் கணக்குப் போட்டான்.
"பாஸ்போர்ட் எடுக்கவே ஊருக்குப் போகணும் அக்கா,
லீவு கொடுக்க மாட்டாங்க."
போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டான்.
காலரில் யாருடைய பவுடரோ ஒட்டியிருந்தது.

ராத்திரி கடை சாத்துகிற நேரம்
அடைக்கலம் வீடியோவில் வந்தான்.
பின்னால் மேலும் கீழுமாகக் கட்டில்கள்,
கம்பியில் யார் யார் துண்டோ.
"மெஸ்ஸுல பங்களாதேஷ்காரர் சமையல்,
காரமே இல்லக்கா.
பழகிக்கிட்டேன்."
கொஞ்சம் சும்மா இருந்தான்.
"அந்த சென்டர் பக்கம் போனீங்களா?
கடைசி நாள் நான் கட்டின சுவரு
தூக்கா வந்துச்சு, சார் தட்டிப் பார்த்தாரு.
அன்னிக்கே இடிச்சிருப்பாங்க, இல்ல?"

கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.
நான் வாயைத் திறப்பதற்குள்
சிக்னல் போய்
முகம் அப்படியே நின்றது,
பல் தெரிய.