உட்காரத் தெரியாதவர்கள்

பழைய சாமான் கடையில் ஒரு பை நாலு டொலர்.
உள்ளே ஒன்பது வீரர்கள்,
ஒருவன் அக்குளுக்குள் இன்னொருவன் முகம்.
முதுகுச் சால்வை கிழிந்தவன்,
முழங்காலை நாய் சப்பிப் போட்டவன்.
எல்லோருக்கும் ஒரே நெஞ்சு.

முதலில் கொதிநீர்.
மூன்று நிமிடம் ஊறினால் கழுத்து இளகும்,
தலை டொப் என்று கையோடு வரும்.
இதில் வன்மம் ஒன்றும் இல்லை.
பகலில் நான் பல் செய்கிறவள்.
எலிஸ் அவென்யூவில், ஜன்னல் இல்லாத லாபில்,
முகம் பார்த்திராத வாய்களுக்குக்
கடைவாய், வேட்டைப்பல், கேட்டால் ஒரு சின்ன இடைவெளியும்.
மெழுகு செதுக்கும் ஊசி
மாலையில் என் பைக்குள் வீடு வரும்.
லியோனோரா அதைப் பார்த்ததில்லை,
பார்த்ததில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

செய்வது ஒரு காத்திருப்பறை.
போன டிசம்பரில் நாலேகால் மணி நேரம்
நான் இருந்த அறை.
எதற்கு என்பது இங்கே வேண்டாம்.
என் சீட்டு எண் எண்பத்தேழு.

வயிறு வைப்பது சுகம்.
மஞ்சள் களிமண், நீலக் களிமண், சரிபாதி,
பிசையப் பிசையப் பச்சை.
இறுகுவதற்குள் ஒன்றரை மணி நேரம்.
விரலை நனைத்து நனைத்து
ஆறு கட்டுத் தசைக்கு மேல் இழுத்து மூடினால்
அங்கே ஒருவர் மத்தியானம் சாப்பிட்டிருக்கிறார்.

இடுப்புத்தான் படுத்தியது.
பாயவும் உதைக்கவும் வார்த்த மூட்டு,
பாதிக்கு மேல் மடியாது.
கதிரையில் வைத்தால் சறுக்கிச் சறுக்கி
முதலாமவன் தரையில் கிடந்தான்,
கால் நீட்டி, வாய் திறந்து,
சுடப்பட்டவன் மாதிரி.
அவனை மட்டும் உடனே தூக்கிவிட்டேன்.
பிறகு வாள் எடுத்து
ஒன்பது இடுப்பையும் அறுத்தேன்.

கைகள்?
விரித்த கை ஒன்றுகூட இல்லை.
ஒன்று முட்டி, அல்லது துவக்குப் பிடி.
துவக்கைக் கழற்றிய ஓட்டைக்குள்
கோப்பிக் கோப்பை அளவெடுத்தது போல் நின்றது.
இன்னொன்றில் ஊன்றுகோல்.
விசைக்கென்று வளைந்த சுட்டுவிரலில்
ஒரு குழந்தையின் ஒற்றைச் சப்பாத்தைத் தொங்கவிட்டேன்.

கத்தும் வாய்களை அரத்தால் மூடினேன்.
ஒன்றை மட்டும் விட்டு,
இமையை இறக்கி, புருவத்தைத் தளர்த்தினேன்.
கொட்டாவி.
உள்ளே பதினாலு பல்,
லாபில் வைப்பதுபோலவே ஒழுங்காக.

மைனஸ் முப்பத்தொன்றில் வெளியே ஸ்ப்ரே அடித்தால்
பெயின்ட் காற்றிலேயே மணலாகிறது.
ஒருமுறை அடித்து, உரித்து,
மார்ச் வரை
அவர்களும் நானும் சும்மா இருந்தோம்.

ஏப்ரலில், ட்ரான்ஸ்கோனா மண்டபத்துக் கண்காட்சி.
இடப்பக்கம் ரோபோக்கள்,
வலப்பக்கம் ஒருவரின் பதினொரு டிராகன்கள்.
நடுவில் என் ஒன்பது கதிரை, எட்டுப் பேர்.
ஒன்பதாவது நான்.
மூன்று தடவை செய்து பார்த்தேன்,
மூன்று தடவையும் மூக்கு
வேறு யாருக்கோ போனது.
தலையில்லாத என்னை ஜாம் போத்தலில் விட்டுவிட்டு வந்தேன்.

தொப்பி போட்ட ஒருவர் குனிந்து பார்த்தார்.
'இவர்களுடைய சக்தி என்ன?'
'நாலேகால் மணி நேரம்' என்றேன்.
சிரித்துவிட்டு டிராகன்களிடம் போனார்.

ஒரு சிறுவன் சிரிக்கவில்லை.
எட்டுப் பேரையும் எண்ணினான், கதிரைகளை எண்ணினான்,
சட்டைப் பைக்குள் கைவிட்டு
ஊதா டைனோசர் ஒன்றை எடுத்து
வெறுங்கதிரையில் இருத்தினான்.
தாய் கூப்பிட ஓடிவிட்டான்.

துரத்திப் போய்க் கொடுத்திருக்கலாம்.
அறுக்காமலே
என்ன அழகாக மடிகிறது அதன் இடுப்பு!
மண்டபத்தில் விளக்கு அணைக்கத் தொடங்கும்போது
பேனையைத் தேடி,
அரிசி அளவுக் கடதாசியில் எழுதி,
அந்தக் குட்டைக் கைக்குள் செருகினேன்:
எண்பத்தெட்டு.