ஏழாம் நம்பரின் சூடு

பைக்காராவில் தண்ணீர்
தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும்.
தூத்துக்குடியில் படித்த நூறை
இங்கே வந்து மறக்க வேண்டியிருந்தது.
கார்புரேட்டருக்குச் சின்ன ஜெட் போட்ட பிறகுதான்
கரும்புகை நின்றது;
மலைக்காற்றில் சத்து அவ்வளவுதான்.

இன்று காலை ஏழாம் நம்பர் படகின் முள்
எண்பத்தெட்டைத் தாண்டியது.
ஏரி நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு
பெள்ளிராஜ் இரண்டு கையையும் அசைத்தான்.
கரையில் நின்ற சுற்றுலாக்காரர்கள்
சந்தோஷமாகப் பதிலுக்கு அசைத்தார்கள்.

கயிறு கட்டி இழுத்து வந்து
டிரெயிலரில் ஏற்றினோம்.
மே மாதத்து மூடுபனி. வரிசையில் நூற்றுப்பத்துப் பேர்.
"அரை மணியில் ஆகுமா?" என்றார் மேலாளர்.
அரை மணியில் ஒரு நட்டு ஆகும் என்றேன்,
மனதுக்குள்.

இந்த எஞ்சின் இரண்டுங்கெட்டான்.
உடம்பு படகுக்குள்ளே, கால் தண்ணீருக்குள்ளே.
இடையில் ஒரு ரப்பர்த் துருத்தி,
ஆர்மோனியப் பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பாக.
மயிரிழை விரிசல் போதும்,
ஏரி உள்ளே குடிவந்துவிடும்.
மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவினேன்.
வெடிப்பில்லை.
கியர் எண்ணெயை எடுத்துப் பார்த்தேன்:
டிகாஷன் நிறம்.
அது பால் கலந்த காப்பி ஆனால்தான் கவலை.
தெர்மோஸ்டாட்டைக் கேன்டீன் ஜைத்தூனின் சட்டியில்
போட்டுக் கொதிக்கவிட்டோம்.
சொன்ன சூட்டில் வாயைத் திறந்தது.
அந்தச் சட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஜைத்தூன்.

பிறகு காலைக் கழற்றினேன். ஆறு நட்டு.
ஐந்து பேச்சுக் கேட்டன.
ஆறாவதுக்குச் சுத்தியல்.

பம்புக்குள் இம்பெல்லர், ரப்பர்ப் பூ.
ஆறு இதழ் இருக்க வேண்டும்.
நான்கு இருந்தது.

புதியது பெட்டியில் தயார்.
மாட்டி மூடினால் படகு ஓடும்,
ஒரு வாரமோ பத்து நாளோ.
உதிர்ந்த இதழ் எங்கே போகும்?
தண்ணீர் போகிற வழியில்தான் போகும்.
குழாய் எங்கே ஒடுங்குகிறதோ
அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

கூலரின் வாயில் டார்ச் அடித்து
மூக்குக் குறடை விட்டேன்.
ஒன்று.
அடுத்தது பாதி.
அதன் மீதிப் பாதி.
நான்கும் இரண்டும் ஆறு, கணக்கு முடிந்தது.
ஆனாலும் உள்ளே இன்னும் ஏதோ கறுப்பாக.

கல்லாகிப்போன ரப்பர். மூன்றாவது இதழ்.
இது யார் வீட்டுப் பிள்ளை என்றான் பெள்ளிராஜ்.
மாதக்கணக்கில் அரைமூச்சில் ஓடியிருக்கிறது படகு.

பராமரிப்பு நோட்டைப் புரட்டினேன்.
எனக்கு முன்னால் இங்கிருந்த செல்வின் பிரகாஷுக்கு
நல்ல வசையாக ஒன்று வாயில் வைத்திருந்தேன்.
போன வருடம், மார்ச் ஒன்பது:
"படகு 7. இம்பெல்லர் மாற்றப்பட்டது. சரி."
கையெழுத்து என்னுடையது.

அன்றைக்கும் வரிசையில் ஆள் நின்றிருப்பார்கள்.
வசையை விழுங்கினேன்.
தொண்டையில் கியர் எண்ணெய் நெடி.

புதிய இதழ்களில் சோப்பு நுரை தடவி
சுழலும் பக்கமாக மடித்து இறக்கினேன்.
காடியில் அரைநிலாச் சாவி
இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை அமர்ந்தது.
காலின் இருபுறமும் தண்ணீர்க்குழாய் செருகிய
ரப்பர்க் காதுகளை மாட்டி
ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.
குரங்குக் குல்லாய் போட்ட பெள்ளிராஜும்
காது மூடிய எஞ்சினும்
சேர்ந்து நடுங்கினார்கள்.
முள் எழுபத்தொன்றுக்கு வந்தது,
அங்கேயே நின்றது.

"ஒரு ரப்பருக்கா நாலு மணி நேரம்?" என்றார் மேலாளர்.
மூன்று ரப்பர் என்றேன்.
அவர் அதற்குள் மைக்கில்
டோக்கன் எண் கூப்பிடப் போய்விட்டார்.

நோட்டில் எழுதினேன்:
"இதழ்கள் எண்ணப்பட்டன. கிடைக்க வேண்டியது இரண்டு.
கிடைத்தது மூன்று."
சரி என்று எழுதவில்லை.

நாளைக்கு மூன்றாம் நம்பரைத் திறக்க வேண்டும்,
ஐந்தாம் நம்பரையும்.
அவற்றின் பக்கங்களிலும்
சரி என்றுதான் எழுதியிருக்கிறது,
அதே மார்ச், அதே கையெழுத்து.