மட்டம் நான்கு

“நாலா?” என்றார் அப்பா.
“நாலாம் வகுப்ப ஒம்பது வயசிலயே முடிச்சிட்டியே புள்ள.”
நான் நிமிரவில்லை.
விண்ணப்பத்தில் கட்டம் கட்டமாய் எழுதிக்கொண்டிருந்தேன்:
தேசியத் தொழிற்தகைமை, மின்னிணைப்பாளர், மட்டம் நான்கு.
என் பெயருக்குத்தான் கட்டங்கள் போதவில்லை.

சாதாரண தரத்தில் கணிதம் இரண்டு முறை போனது.
மூன்றாம் முறை ஓர் எஸ்,
ஈரக்காலில் ஏறிய அட்டை மாதிரி வளைந்து.
அதற்குள்
நிலுக்ஷி கட்டுநாயக்கவில் காலர் தைக்கப் போய்விட்டாள்.
பிரதீபன் வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி போடுகிறான்.
ஆறரை மணி நோர்வூட் பஸ்ஸில்
நான் மட்டும்,
மடியில் குறடு வைத்த பை.

வகுப்பில் இருபத்தொரு பையன்கள், நான், பஸ்மிலா.
பெண்கள் கழிவறைச் சாவி அலுவலக ஆணியில் தொங்கும்.
எல்லார் முன்னும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.
ஒரு மாதம் தண்ணீர் குடிக்காமல் சமாளித்தோம்.
பிறகு பஸ்மிலா நாதாங்கியையே கழற்றிவிட்டாள்.
பதிவேட்டில் எழுதவும் செய்தாள்:
திருகாணி நான்கு, நேரம் மூன்று நிமிடம்.

சேர் பேசுவது சிங்களம், புத்தகம் ஆங்கிலம்.
ஓரத்தில் நான் தமிழில் எழுதி வைத்தேன்:
உருகி. ஆளி. சுற்றுடைப்பான். புவித்தொடுப்பு.
தாளைத் தவிர வேறெங்கும்
யார் வாயிலும் கேட்காத சொற்கள்.
கடைசிச் சொல்லைப் படித்த அன்று மாலை
வீட்டுக்கு வந்து பலகையைக் கழற்றினேன்.
சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று.
தொங்கல் வீடு வரை போய்ப் பார்த்தேன்.
பன்னிரண்டு காம்பராவிலும் இரண்டே வயர்.
மண்ணுக்குப் போகிற மூன்றாவது
எங்கள் லயத்துக்கு வரவே இல்லை.

“நாலடிக் கம்பி மண்ணுல எறங்கணும்பா.”
செருப்பைத் தேடியபடியே சொன்னார்:
“கம்பெனி மண்ணு. கேட்டுட்டு அடி.”

மதிப்பீட்டு நாளில் மழை.
வழியில் மண் சரிந்து
கடைசி ஒரு மைல் நடந்தே போனேன்.
பலகையில் மூன்று கோளாறுகளை ஒளித்து வைத்திருந்தார்கள்.
இரண்டு உடனே அகப்பட்டன.
மூன்றாவது, எர்த் முனையில் வயரைச் செருகி
ஆணியை மட்டும் முறுக்காமல் விட்டிருந்தார்கள்.
பார்த்தால் எல்லாம் சரி. இழுத்தேன், கையோடு வந்தது.
“இது எதற்கு?” என்றார் ஹேரத் மஹத்தயா.
படித்து வைத்த சிங்களம் அந்த நேரம் பார்த்துத் தொலைந்தது.
தமிழிலேயே சொன்னேன்:
கோளாறு வந்தால் ஆளைத் தொடாமல்
மண்ணோடு போய்விடுவதற்கு.
பஸ்மிலா வாசலில் நின்று மொழிபெயர்த்தாள்.
அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்து
ஒரு சரி போட்டார்.

சான்றிதழ் வரவில்லை.
பிறப்புப் பத்திரத்தில் சுலோசினி,
அடையாள அட்டையில் சுலோஜனி,
பெறுபேற்றில் சுலோஜினி.
மூன்று பேரும் ஒருத்திதான் என்று
ஹட்டனில் சத்தியக் கடதாசி முடிக்க
ஆயிரத்தைந்நூறு.
ஏழு மாதமாகக் காத்திருக்கிறோம், மூவரும்.

போன ஞாயிறு,
யாரையும் கேட்காமல்,
லயத்தின் பின்பக்கம் பீலிக்கரையில் கம்பியை நட்டேன்.
அப்பா பிடித்துக்கொண்டார், நான் அடித்தேன்.
இரண்டடியில் கல். சற்றுத் தள்ளி மறுபடி.
ஒவ்வோர் அடிக்கும் அவர் கண்ணை மூடினார்,
கம்பியை விடவில்லை.
இரவல் மீட்டரில் பதினாறு ஓம்.
பத்துக்குக் கீழே வர வேண்டும்,
இன்னொன்று இறக்க வேண்டும்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள் கமலவேணி அக்கா.
“எங்க காம்பராவுக்கும் ஒன்னு அடிச்சுத் தாறியா?”
கையிலிருந்த மண்ணைத் தட்டினேன்.
“கம்பி ரெண்டாயிரத்து எழுநூறு” என்றேன்,
“கூலி தனி.”