நகம் தட்டும் இடம்

கறுப்புக் கல்லின் விளிம்பில்
ஆறு மில்லிக்கு ஒரு வாய்க்கால் வெட்டி
பித்தளைப் பட்டை பதிக்கச் சொன்னார்
காசிமேட்டு தேசம்மா.
மீன் வறுவல் போடுகிறவருக்கு
சமையல் மேடையில் எதற்கு ஜரிகை?
நினைத்ததைக் கொட்டேஷனில் ஏற்றினேன்:
பதினோரு அடி, அடிக்கு இருநூறு கூடுதல்.

பேரம் பேசவில்லை.
அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.
காசிமேட்டில் பேரமில்லாமல்
ஐஸ்கட்டிகூடக் கை மாறாது.

கல் ஓங்கோலிலிருந்து வந்தது.
பித்தளை ராசப்பச் செட்டித் தெருவில் நிறுத்து வாங்கியது.
இரண்டுக்கும் ஆகாது.
வெயில் ஏறினால் பித்தளை நீளும்,
கல் இருந்த இடத்தில் இருக்கும்.
பாலீஷ் சக்கரத்துக்குக் கல் முரண்டு பிடிக்கும்,
பித்தளை முந்திக்கொண்டு குழியும்.
மூலக்கடைப் பட்டறையில் மூன்று நாள்
தண்ணீரும் கறுப்புச் சேறும் முழங்கை வரைக்கும்.
அரால்டைட் பிசைந்து, கிளாம்ப் முடுக்கி,
நூற்றிருபதில் தொடங்கி மூவாயிரம் வரை தாள் மாற்றி,
கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு
கட்டைவிரல் நகத்தைக்
கல்லிலிருந்து பட்டைக்கு இழுத்தேன்.
தட்டக் கூடாது.
பதினேழு வருடமாக
இந்த நகம்தான் எனக்கு ரசமட்டம்.

இரண்டு மாடி, குறுகல் படி, நாலு பேர்.
சத்ருகன் படிக்குப் படி பஜ்ரங்பலி என்றான்.
பின்னால் பிடித்த ஆரோக்கியம் மாதாவே என்றான்.
கல் இருவருக்கும் அசைந்து கொடுத்தது.

பொருத்தித் துடைத்துவிட்டு
ஓரமாக நின்றேன், பாராட்டுக்கு.
அவர் கல்லைப் பார்க்கவே இல்லை.
கையை நீட்டி
கரண்டு போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி
விளிம்பைத் தேடினார்.
மணி பகல் பன்னிரண்டு. ஜன்னல் நிறைய வெயில்.

நகத்தை ஒரு இழுப்பு இழுத்தார்.
"தட்டலியே."
"தட்டாதும்மா. அதான் வேலையே."
"தட்டணும்ப்பா."

பையன்கள் கீழே டீ குடிக்கப் போயிருந்தார்கள்.
இருந்தும் குரலை இறக்கினார்.
"கல்லு எங்க முடியுது,
காத்து எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல.
ரெண்டு மாசத்துல ஒம்போது டம்ளர் போச்சு.
சக்கர கண்ணுக்குள்ள பூந்துகிச்சு.
மஞ்சளா ஒரு கோடு இருந்தா பகல்ல சமாளிச்சிடுவேன்.
விடிகாலைல கைதான் பாக்கணும்.
பெரியவனுக்குத் தெரிஞ்சா
எண்ணெச் சட்டிய வாங்கி வெச்சிடுவான்.
நீ ஒன்னும் கேக்காத மாரி செய்."

பதித்த பட்டையை உயர்த்த வழியில்லை.
கல்லைத்தான் இறக்க வேண்டும்.
மெல்லிய தாளைச் சுற்றி
உள்பக்கம் மட்டும், பட்டையை ஒட்டினாற்போல்
அரை மயிரிழை இறக்கினேன்.
கண்ணாடியாய் இருந்த இடம்
சாம்பல் பூத்துப்போனது.
டீ குடித்துவிட்டு வந்த சத்ருகன்
"உஸ்தாத், உல்டா!" என்று கத்தினான்.
டிக்.
திரும்ப இழுத்துப் பார்த்தார். டிக்.
போதும் என்று தலையசைத்தார்.

"கடல் காத்துக்குப் பச்சை பிடிக்கும்மா" என்றேன்.
"புளி இருக்குதுல்ல" என்றார்.

சாயங்காலம் பெரியவர் குணாளன் வந்தார்.
குனிந்து, விரலை ஓட்டி,
"மேஸ்திரி, இங்க தட்டுது பாருங்க.
இதுக்கா இவ்ளோ காசு?"
அந்தம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"பித்தளை சார்" என்றேன்.
"அப்படித்தான் வரும்."
ஆயிரத்தைந்நூறு பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

படி இறங்கும்போது
மேலே எண்ணெயில் மீன் விழுந்த சத்தம்,
ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று.
ஜரிகைக்கென்று ஏற்றிய இரண்டாயிரத்து இருநூறில்
எழுநூறு இன்னும் பையில் இருக்கிறது.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?